வெள்ளரிப்பாறை கமிட்டியார் பீச் காப்ளர் சுட்ட கதை

வெள்ளரிப்பாறையில் வெள்ளரி கிடையாது. பாறை என்று சொல்ல ஒன்றே ஒன்று, ஊருக்கு மேற்கே இருக்கிறது. மற்றபடி அறுபது வீடுகள், முந்நூறு பீச் மரங்கள், ஒரு பஸ் கமிட்டி. இல்லாதது பஸ் ஒன்றுதான்.

மலையேறி வரும் பஸ், நாலு மைல் கீழே இருக்கும் கூட்டுரோட்டோடு திரும்பிப் போய்விடும். அங்கிருந்து ஊருக்கு நடைதான். இந்தக் குறையைப் போக்கப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் கமிட்டி அமைந்தது. முதல் வேலையாக அவர்கள் ஊர் எல்லையில் ஒரு நிழற்குடை கட்டி, உள்ளே சிமெண்ட் பெஞ்சு போட்டார்கள். அன்றிலிருந்து தினமும் யாராவது இரண்டு பேர் அதில் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். சாயங்காலம் ஆனதும், "இன்னைக்கும் லேட்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

கமிட்டியில் நாலு பேர். தலைவர் திருமேனி. எதையும் தீர்மானம் போடாமல் செய்ய மாட்டார். தும்மல் வந்தால்கூட ஒருமுறை மற்றவர்களைப் பார்த்துக்கொள்வார். செயலாளர் அழகிரி. எழுதப் படிக்கத் தெரிந்தவர், காதில் விழுந்ததையெல்லாம் எழுதிக்கொள்வார். சூசை ஓடியாடி வேலை செய்கிறவர். நாலாவது ஆள் சன்னாசி. நம் கதை பெரும்பாலும் அவரைப் பற்றியதுதான்.

சன்னாசிக்கு ஒரே மகள், பவளக்கொடி. வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்து மூன்று வருஷம். பேரனுக்கு இரண்டு வயது. "கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நாலு மைல் யாருப்பா ஏறுறது? பஸ் விடட்டும், மறுநாளே வந்து நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். சன்னாசி பேரனைப் பார்த்தது பிறந்தபோது ஒரு தடவை, காது குத்துக்கு ஒரு தடவை.

"நீங்க கீழ போய்ப் பார்த்துட்டு வரலாமுல்ல?" என்று அவர் மனைவி செல்லக்கிளி கேட்பாள்.

"வர்றேன்னு சொன்ன புள்ள வர்ற நேரத்துல நாம வீட்டுல இல்லாம போயிட்டா?" என்பார் சன்னாசி. அதனால் பதினோரு வருஷக் கமிட்டியில் கடைசி மூன்று வருஷமாக அவரைப் போல் ஏங்கியவர் யாரும் இல்லை.

அந்த ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை, சூசை மூச்சிரைக்க ஓடிவந்தார். பீச் பழம் விற்கக் கூட்டுரோட்டுக்குப் போனவர், கூடையைக் கூட அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"தலைவரே! வியாழக்கிழமை மத்தியானம் பஸ் அதிகாரி நம்ம ரோட்டைப் பார்க்க வர்றாராம். புதுசா வந்திருக்காரு, வைகுந்தன்னு பேரு. அவரோட ஜீப்பு டிரைவர் மணவாளன் எனக்குச் சொன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு. அந்த அதிகாரி சின்ன வயசுல அமெரிக்காவுல படிச்சவராம். அங்க பீச் காப்ளர்னு ஒரு பலகாரம் உண்டாம். அடியில பீச்சுப்பழம், மேல மாவு மூடி, தணல்ல வெச்சுச் சுடுறது. நம்ம அதிகாரி பீச் காப்ளர்னா உசிரையே விட்டுருவாராம்."

கமிட்டி உடனே கூடியது. காப்ளர் செய்து கொடுத்தால் பஸ் வந்துவிடும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. திருமேனிதான் விரலை உயர்த்தினார்.

"ஒரு சங்கடம் இருக்கு. தின்னதும் உசிரை விட்டுட்டார்னா, பஸ்ஸுக்கு யாரு கையெழுத்துப் போடுறது?"

மற்ற மூவருக்கும் குளிர் அடித்தது போல் இருந்தது. இப்படி முன்யோசனை உள்ள தலைவர் எந்த ஊருக்குக் கிடைப்பார் என்று சன்னாசி நினைத்துக்கொண்டார்.

"அப்ப காப்ளர் வேணாமா?" என்றார் சூசை, வருத்தமாக.

"வேணும். ஆனா முதல்ல கையெழுத்து, அப்புறம் காப்ளர்" என்றார் திருமேனி. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதிகாரியின் குடும்பத்துக்கு அனுதாபம் தெரிவித்து இரண்டாவது தீர்மானமும் கையோடு எழுதி வைக்கப்பட்டது.

செய்முறைதான் யாருக்கும் தெரியாது. சூசையின் அத்தை மகள் ஃபிலோமினா டவுனில் பேக்கரி வைத்திருந்தாள். ஊரில் செல்போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அந்த மேற்குப் பாறைதான். அழகிரி நோட்டும் பேனாவுமாக அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்தார்.

"ஹலோ, கேக்குதா?" என்றாள் ஃபிலோமினா.

"கேக்கு வேணாம் தாயி. காப்ளர்தான் வேணும்."

"அதில்லண்ணே, நான் பேசுறது கேக்குதான்னு கேட்டேன்."

"நீ பேசுறது கேக்குதான், தெரியுது. பேக்கரியில வேற என்னத்தைப் பேசுவீங்க? எங்களுக்குக் காப்ளரைப் பத்திப் பேசு."

வேலை நேரத்தில் வந்த போன் என்பதால், ஃபிலோமினா மடமடவென்று சொல்லி முடித்தாள். அழகிரி ஓர் எழுத்தையும் விடவில்லை. நடுவில் அவள் பேக்கரிப் பையனைப் பார்த்து, "ஐயையோ, பன்னு கருகுது, டேய் எடுறா!" என்று கத்தியதையும் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிந்தது. சன்னாசி வீட்டு முற்றத்தில் வேலை ஆரம்பமாயிற்று. ஓவன் இல்லாவிட்டால் கனமான இரும்புச் சட்டியில் வைத்து, மேலேயும் கீழேயும் தணல் போடலாம் என்று ஃபிலோமினா சொல்லியிருந்தாள். அந்தச் சட்டி செல்லக்கிளியுடையது.

"தள்ளுங்க, நானே செஞ்சு தர்றேன்" என்றாள் அவள்.

"நீ மெம்பர் இல்லையேம்மா" என்றார் திருமேனி, மிகவும் கனிவாக.

செல்லக்கிளி முறத்தை எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து அவரைக்காய் கிள்ள ஆரம்பித்தாள். அன்று முழுவதும் அவள் கண்ணுக்கு நல்ல வேடிக்கை.

அழகிரி நோட்டைப் பிரித்தார். "நல்லாப் பழுத்த பழமா ஒரு அம்பது. தோலை உரிச்சு, கொட்டையை எடுங்க."

ஐம்பது பழத்துக்கும் தோல் உரித்தார்கள். ஐம்பது கொட்டைகளையும் எடுத்து, ஒரு வெள்ளித் தட்டில் பத்திரமாக வைத்தார்கள். மீதி இருந்த சதையை என்ன செய்வதென்று நோட்டில் இல்லை.

சன்னாசிக்கு இந்த இடத்தில் சின்னதாக ஒரு சந்தேகம் எழுந்தது. ஆனால் கமிட்டி விதிப்படி, சந்தேகத்தை எழுத்து மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். அவருக்கோ எழுதத் தெரியாது. அதனால் சந்தேகத்தை விழுங்கிவிட்டு, சதையை அள்ளிக்கொண்டு போய்த் தன் வெள்ளாடுகளுக்குப் போட்டுவிட்டு வந்தார்.

"ஏங்க, பழத்தோட சதை எங்க?" என்றாள் செல்லக்கிளி.

"ஆடு தின்னுருச்சு."

"அப்ப அதிகாரிக்கு ஆட்டைத்தான் வைக்கணும்."

திருமேனி அதையும் சும்மா விடவில்லை, யோசித்தார். "ஆடு காப்ளர்ல சேராதும்மா. அழகிரி, நோட்டுல ஆடு இருக்கா?"

அழகிரி முழுப் பக்கத்தையும் ஒருமுறை படித்தார். "ஆடு இல்ல தலைவரே."

"பார்த்தியா?" என்றார் திருமேனி.

கொட்டைகளைச் சர்க்கரைப் பாகில் போட்டு, பட்டைத்தூள் தூவிக் கொதிக்க வைத்தார்கள். கொட்டையில் ஒட்டியிருந்த கொஞ்சநஞ்சச் சதையும் பாகில் கரைந்து, முற்றமெல்லாம் மணந்தது. அந்த வாசனை சன்னாசியின் மனசை லேசாக்கியது. பஸ் வளைவில் திரும்புவதும், ஜன்னலோரம் பேரன் உட்கார்ந்திருப்பதும் அவர் கண்ணுக்கே தெரிந்தது.

அடுத்தது வெண்ணெய். "வெண்ணெய் அறைச் சூட்டுல இருக்கணும்" என்றுதான் ஃபிலோமினா சொன்னாள். அழகிரி 'அரைச் சூடு' என்று எழுதியிருந்தார்.

"எதுல அரை?" என்றார் சூசை.

"முழுச் சூட்டுல அரை" என்றார் அழகிரி.

"முழுச் சூடு எம்புட்டுன்னு தெரிஞ்சாத்தானே அரை தெரியும்?"

அரைமணி நேரம் வாதாடியபின் திருமேனி வழி சொன்னார். வெண்ணெயை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைப் புகை வரும்வரை காய்ச்சினார்கள். இன்னொரு பாதியை ஓடைத் தண்ணீரில் முக்கி வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சரியாக அரைச் சூடு. யாருக்கும் குறை சொல்ல இடமில்லை.

உப்பு ஒரு சிட்டிகை. யாருடைய சிட்டிகை என்று நோட்டில் இல்லாததால், கட்சி பேதம் வரக்கூடாதென்று நாலு பேரும் ஆளுக்கொரு சிட்டிகை போட்டார்கள். சூசை மறந்துபோய் இரண்டு தடவை போட்டார்.

மைதாவில் வெண்ணெயும் பாலும் விட்டுப் பிசைந்தாயிற்று. அழகிரி அடுத்த வரியைப் படித்தார். "பிசைஞ்ச மாவை அரைமணி நேரம் ஓய்வெடுக்க விடுங்க."

"பாவம், அம்புட்டுப் பேரும் குத்தியிருக்கோம். இருக்காதா பின்ன" என்றார் சன்னாசி.

உள்ளேயிருந்து கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டார்கள். பாய் விரித்தார்கள். மாவை நடுவில் வைத்து, தலையணை ஒன்று அணைவாகக் கொடுத்து, கழுத்து என்று தோன்றிய இடம்வரை போர்வை போர்த்தினார்கள். சன்னாசி தலைமாட்டில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் மெள்ள வீசினார். கமிட்டியார் முற்றத்தில் நுனிக்காலில் நடந்தார்கள்.

"தூங்கிருச்சா?" என்று காதோடு கேட்டார் திருமேனி.

சன்னாசி குனிந்து பார்த்தார். மாவு லேசாக உப்பி, அப்படியே கிடந்தது. "நல்ல தூக்கம் தலைவரே. புரளக்கூட இல்ல."

அந்த நேரம் பார்த்துத் தெருவில் நாய் ஒன்று குரைத்தது. மாவு விழித்துக்கொண்டிருக்கும் என்று சூசை சொன்னார். ஓய்வு தடைப்பட்டால் மறுபடி முதலிலிருந்து கணக்கிடுவதா, விட்ட இடத்திலிருந்தா என்று தாழ்ந்த குரலில் ஒரு விவாதம் நடந்தது. முதலிலிருந்து என்று முடிவாயிற்று. சூசை தெருமுனைக்குப் போய் நாய்க்கு விஷயத்தை விளக்கிச் சொல்லிவிட்டு வந்தார்.

ஒருவழியாக மாவை எழுப்பி, தட்டி, சட்டியில் கொட்டைகளின் மேல் மூடினார்கள். "மேல இருந்து சர்க்கரையைத் தூவுங்க" என்றது நோட்டு.

"எம்புட்டு மேல?" என்றார் சூசை.

"அது சொல்லல."

ஏணி வைத்துச் சூசை ஓட்டுக் கூரையில் ஏறினார். மலைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் தூவிய சர்க்கரையில் பாதி திருமேனியின் தலையிலும், பாதி செல்லக்கிளியின் அவரைக்காயிலும் விழுந்தது. சன்னாசி சட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு காற்று போகும் பக்கமெல்லாம் ஓடி, எப்படியோ இரண்டு கைப்பிடி அளவு பிடித்துவிட்டார். அத்தனை வயதில் அவர் அவ்வளவு வேகமாக ஓடியதைச் செல்லக்கிளி அதற்குமுன் பார்த்ததில்லை.

மேலேயும் கீழேயும் தணல் போட்டாயிற்று. "இனிமே அடுப்பு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்" என்று நோட்டில் இருந்தது. ஒரு கண் என்று தெளிவாக இருக்கும்போது இரண்டு கண்ணால் பார்ப்பது தப்பு. சூசை துண்டால் இடது கண்ணைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் குந்தினார். வலது கண் வலித்தால் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அதே கண்தான் என்று எழுதவில்லை என்பதால் அனுமதி கிடைத்தது.

அதற்கு அடுத்த வரி: "ஐயையோ, பன்னு கருகுது, டேய் எடுறா!"

ஊரில் பன் கிடையாது. டவுனுக்குப் போய் வாங்கிவந்து கருக்க நேரமில்லை. ஆகவே அந்த வரியை உரக்கச் சொன்னால் மட்டும் போதும் என்று தீர்மானித்தார்கள். தலைவர் முன்னிலையில் 'டேய்' என்பது மரியாதையில்லை. 'ஐயா எடுங்க' என்று திருத்தம் கொண்டுவரப்பட்டது. மூவரும் எழுந்து நின்று, "ஐயையோ, பன்னு கருகுது, ஐயா எடுங்க!" என்று ஒரே குரலில் சொன்னார்கள். திருமேனி தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

கடைசி வரி, "பொன்னிறமா வந்ததும் இறக்கிடுங்க."

பொன்னிறம் என்றால் பொன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பொன் இருந்தது செல்லக்கிளியின் கழுத்தில் மட்டும். தாலிச் சங்கிலியைக் கழற்றித் தர அவள் மறுத்துவிட்டாள். அதனால் அவளையே நாற்காலி போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். சன்னாசி கரண்டியால் மூடியைத் தூக்கித் தூக்கி, ஒரு பார்வை காப்ளரையும் ஒரு பார்வை மனைவியின் கழுத்தையும் பார்த்தார்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என் கழுத்தை இம்புட்டு நேரம் பார்க்குறீக" என்றாள் செல்லக்கிளி.

இருபத்தைந்து வருஷ வியர்வையும் புகையும் ஏறிய சங்கிலி அது. அதன் நிறம் வரும்வரை வைத்ததால் காப்ளர் நன்றாகச் சிவந்து, மேலே சர்க்கரை உருகி, பார்க்கப் படம் போல வந்தது. அந்த வேளையில் ஜீப் சத்தமும் கேட்டது.

அதிகாரி வைகுந்தன் ஐம்பது வயது மனிதர். குண்டும் குழியுமான நாலு மைலில் குலுங்கியதில் முகம் கடுகடுவென்றிருந்தது. இறங்கியவுடனே, "இந்த ரோட்டுல பஸ் விடறது கஷ்டம்ங்க. அதுவும் அறுபது வீட்டுக்கு" என்றார்.

சன்னாசி அவசரமாகச் சட்டியின் மூடியைத் திறந்து வைத்தார்.

டிரைவர் மணவாளன் சூசையை அழைத்து, "அண்ணே, ஏத்தத்துல வண்டி சூடாயிருச்சு. கொஞ்சம் தண்ணி ஊத்தி வையுங்க, நான் காலாற நடந்துட்டு வர்றேன்" என்றார். சூசை குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

இதற்குள் காப்ளர் வாசனை அதிகாரியின் மூக்குக்குப் போய்விட்டது. அவர் பேச்சை நிறுத்தினார். கடுகடுப்பு மெல்ல இறங்கியது.

"இது... பீச் காப்ளரா? இந்தக் காட்டுலயா?" குரலே மாறிவிட்டது. "இருபத்தெட்டு வருஷமாச்சுங்க. நான் தங்கியிருந்த வீட்டம்மா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை செய்வாங்க."

அவர் கண் கலங்கியதைச் சன்னாசி பார்த்தார். இவ்வளவு நல்ல மனிதரைச் சாகவிடப் போகிறோமே என்று அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

அவரை முற்றத்தில் உட்கார வைத்து, தட்டில் காப்ளர் வைத்தார்கள். அதிகாரி ஸ்பூனை எடுத்தார். திருமேனி தட்டை இழுத்துக்கொண்டு, ஒரு காகிதத்தை நீட்டினார்.

"ஐயா, முதல்ல கையெழுத்துப் போட்டுருங்க."

"எதுக்கு?"

"தின்னதும் நீங்க உசிரை விட்டுருவீங்கல்ல? அப்புறம் நாங்க யாரைத் தேடுறது?"

அதிகாரி ஸ்பூனைப் பார்த்தார், காப்ளரைப் பார்த்தார், நாலு பேரின் துக்க முகங்களையும் பார்த்தார். அழகிரி, "குடும்பத்துக்கு அனுதாபத் தீர்மானம் போட்டாச்சுங்க, அதைப் பத்திக் கவலைப்படாதீங்க" என்று ஆறுதல் சொன்னார். மணவாளன் உள்ளே ஓடிவந்து, அது வெறும் பேச்சுக்குச் சொன்னது என்று கெஞ்சி விளக்க வேண்டியதாயிற்று. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த வாயோடு ஒரு பெரிய ஸ்பூன் அள்ளி உள்ளே போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கடித்தார்.

'கடக்' என்று ஒரு சத்தம்.

"மேல்பக்கம் மொறுமொறுன்னு வந்திருக்கு" என்றார் திருமேனி, பெருமையாக.

அதிகாரி கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி எதையோ துப்பினார். ஒரு பீச் கொட்டையும், ஒரு கடைவாய்ப் பல்லும் இருந்தன.

"பல்லு நோட்டுல இல்லையே" என்றார் அழகிரி, பக்கத்தைப் புரட்டிக்கொண்டே.

வாயில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். மணவாளன் சாவியைத் திருகினார். ஜீப் இருமியது, கனைத்தது, அடங்கியது. மறுபடி திருகினார். அடங்கியேவிட்டது.

"அண்ணே, தண்ணி ஊத்துனீங்களா?"

"ரெண்டு குடம்" என்றார் சூசை.

"எதுல ஊத்துனீங்க?"

"பக்கவாட்டுல ஒரு மூடி இருந்துச்சே, அதைத் திறந்து. பாதிதான் கொள்ளும்போல இருந்துச்சு, நான் விடல."

மணவாளன் டீசல் டேங்கைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஆகவே பஸ் அதிகாரி கூட்டுரோட்டுக்கு நடந்தார். பாதி வழியில் மழையும் பிடித்துக்கொண்டது. சன்னாசி குடை பிடித்துக்கொண்டு கூடவே போனார். காரியம் கெட்டது என்று அவருக்கே புரிந்துவிட்டது. பேசாமல் நடக்கவும் முடியவில்லை. மகளைப் பற்றிச் சொன்னார். பேரனை இரண்டே தடவை பார்த்ததைச் சொன்னார். இப்போது அவன் என்ன பேசுவான், யார் ஜாடையில் இருப்பான் என்று தெரியாது என்றார். "பஸ்ஸு இருந்திருந்தா உங்களுக்கும் இந்தக் கஷ்டம் இல்லீங்களேய்யா" என்று சொல்லி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி வீங்கின வாயால் என்னவோ சொன்னார். "ம்ழ்ம்" என்றுதான் சன்னாசிக்குக் கேட்டது. ஊருக்குத் திரும்பியதும் கமிட்டி அந்தச் சொல்லை வைத்து இரண்டு நாள் ஆராய்ச்சி செய்தது. ஒன்றும் பிடிபடவில்லை.

பன்னிரண்டாம் நாள் தபால் வந்தது. சன்னாசி வீட்டு முற்றத்தில் அழகிரி எழுந்து நின்று வாசித்தார்.

"வெள்ளரிப்பாறை பொதுமக்கள் படும் சிரமத்தை அதிகாரி நேரில் உணர்ந்ததன் பேரில், வரும் திங்கட்கிழமை முதல் நாள்தோறும் காலை, மாலை இருவேளையும் பேருந்து வெள்ளரிப்பாறையில் நிறுத்தப்படும்."

திருமேனிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"நிறுத்தப்படுமா?"

"நிறுத்தப்படும்னுதான் போட்டிருக்கு."

"அடப்பாவிகளா! விடாத பஸ்ஸையே நிறுத்துறாங்களே!"

"அதுவும் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை" என்றார் சூசை, ரத்தம் கொதிக்க. "ஒரு தடவை நிறுத்துனா பத்தாதா?"

"காலையில நிறுத்துனதைச் சாயங்காலத்துக்குள்ள யாரும் ஓட்டிரக் கூடாதேன்னு செய்யிறாங்க" என்றார் அழகிரி. "ஒரு பல்லுக்கு இம்புட்டு வன்மமா?"

செல்லக்கிளி அவரைப் பந்தலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யோவ், நிறுத்துவாங்கன்னா இங்க வந்து நிக்கும்னு அர்த்தம்."

"கல்யாணம் நின்னு போச்சுன்னா, கல்யாணம் வந்து வாசல்ல நிக்குதுன்னா அர்த்தம்?" என்று திருப்பிக் கேட்டார் திருமேனி. செல்லக்கிளி மறுபடி பந்தலுக்கடியில் காய் பறிக்கப் போய்விட்டாள். சன்னாசிக்கு மனைவி சொன்னதை நம்ப ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அழகிரி படித்தவர்.

சாலை மறியல் என்று தீர்மானமாயிற்று. திங்கட்கிழமை காலை, ஊரே திரண்டு எல்லை வளைவில் குறுக்கே உட்கார்ந்தது. முன்வரிசையில் சன்னாசி மல்லாந்து படுத்திருந்தார்.

எட்டரை மணிக்கு, முகப்பில் மாலை போட்ட ஒரு பஸ் வளைவில் திரும்பி, சன்னாசியின் பாதத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"எங்க ஊருக்குப் பஸ் விடாம, எந்தப் பஸ்ஸையும் விட மாட்டோம்!" என்று முழங்கினார் திருமேனி. ஊர் எதிரொலித்தது.

கண்டக்டர் இறங்கினார். "இதுதாங்க உங்க ஊரு பஸ்ஸு!"

"இப்படிச் சொல்லித்தான் ஏமாத்துவீங்க. பஸ் நிறுத்தியாச்சுன்னு எழுத்து மூலமா எங்ககிட்ட இருக்கு" என்று அழகிரி கடிதத்தை நீட்டினார். கண்டக்டர் அதைப் படித்தார். மறுபடி படித்தார். டிரைவரிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

அப்போது பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு குரல். "அப்பா! ரோட்டுல ஏன் படுத்திருக்கீக?"

பவளக்கொடி. அவள் மடியில், வாயில் விரலைப் போட்டுக்கொண்டு, அச்சாகச் செல்லக்கிளியின் ஜாடையில் ஒரு பயல்.

சன்னாசிக்குப் படுத்த வாக்கிலேயே கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "வாம்மா! மாப்பிள்ளை சௌக்கியமா? நடந்தா வந்தே?"

"பஸ்ஸுலதாம்ப்பா வந்தேன்! இதோ, இந்தப் பஸ்ஸுல!"

"சந்தோஷம்மா. ஆனா ஊருக்குப் பஸ் வர்றவரைக்கும் இதை உள்ள விட முடியாது. போராட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். சரி, திரும்பிப் போகிறேன் என்றார். ஆனால் அந்த வளைவில் பஸ்ஸைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயே இறக்கலாம் என்றால், கியர் மாற்றிய இடத்தில் எஞ்சின் அணைந்துவிட்டது. என்ன செய்தும் உயிர் வரவில்லை.

வெள்ளரிப்பாறைக்காரர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. போராட்டம் வேறு, உதவி வேறு. ஊர் முழுவதும் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, "ஐலசா" போட்டு, பவளக்கொடியும் பிள்ளையும் உள்ளே இருக்கவே பஸ்ஸைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போயிற்று. டிரைவர் பிரேக்கில் கால் வைத்து, வளைவுக்கு வளைவு சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நாலு மைலும் தள்ளி, பஸ்ஸைக் கூட்டுரோட்டில் பத்திரமாகச் சேர்த்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கண்டக்டருக்குக் கைகொடுத்துவிட்டு எல்லோரும் ஊருக்குத் திரும்பினார்கள்.

ஏற்றம் செங்குத்தாக இருந்தது. பவளக்கொடி பையைச் சுமந்துகொண்டு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். சன்னாசியின் தோளில் பேரன். அவன் தாத்தாவின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டே வந்தான். அவ்வளவு சந்தோஷமாக அந்தப் பாதையில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

மூன்றாவது மைலில் திருமேனி ஒரு கல்லில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கீழே எறும்பு போலத் தெரிந்த பஸ்ஸைப் பார்த்தார்.

"இந்த ஏத்தத்தை மனுஷன் நடந்து ஏற முடியுமாய்யா?" என்றார். "இதுக்குத்தான் நான் பதினோரு வருஷமா சொல்றேன், நம்ம ஊருக்கு ஒரு பஸ்ஸு வேணும்னு."